துளை போட்ட பெட்டி

எங்கள் பட்டறையில் காருக்கு ஊஃபர் பெட்டி, அதாவது டிக்கியில் வைத்து அதிரவிடுகிற ஸ்பீக்கர் பெட்டி, செய்கிறோம். மரவேலை என்னுடையது, வயர்வேலை என் கொழுந்தனுடையது. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. வண்டிக்காரர் வாசலில் நின்று எவ்வளவு பறந்தாலும் சரி, நான் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டு "போகலாம்" என்று சொன்னால்தான் அது வெளியே போகும். கொழுந்தன் ஒருநாளும் அதை மீறியதில்லை. வேறு எங்கே என் பேச்சு எடுபட்டதோ இல்லையோ, இந்த நாலு சுவருக்குள் அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அதற்காகத்தான் இத்தனை காலம் மரத்தூளைத் தின்றுகொண்டு கிடந்தேன்.

எட்டு மாதமாக எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

முழுச் செவிடு என்று நினைத்துவிட வேண்டாம். கனத்த சத்தமெல்லாம் கேட்கும். மெல்லிசானவைதான் போய்விட்டன. கெட்டில் கத்துவது, போன் மணி, பேச்சில் ஸ, ஷ என்று ஊதிக்கொண்டு வருகிற எழுத்துகள், இவை எதுவும் என்னிடம் வந்து சேருவதில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். முதுகைக் காட்டிப் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோல் இருக்கும். இந்தப் பட்டறைக்கு முன்னாலிருந்தே இருபது வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் காதைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றவளுக்கு வேறென்ன கிடைக்கும்? காதுக்குப் பஞ்சாவது வை என்று சொன்னவர்களையெல்லாம் முறைத்து அனுப்பியவள் நான். என் வீட்டுக்காரருக்கும் இது தெரியாது. அவர் டிவி வைக்கிற சத்தத்தில் வீட்டில் யாருக்குக் காது போனாலும் தெரியப்போவதில்லை.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை. முன்பு கொழுந்தனுக்கு உதவியாக ஒரு வயர்க்காரர் இருந்தார், ஐம்பது வயது, தங்கமான மனிதர். அவருக்குச் சிவப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அதைச் சொல்லாமல் மறைத்து, ஒரு வண்டியில் வயரை மாற்றி இணைத்து, டிக்கிக்குள் புகை வந்துவிட்டது. அன்றைக்கே அவரை நிறுத்தினேன். கண் தெரியாதது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கொழுந்தன் அவருக்காக மன்றாடினான். நான் மசியவில்லை. மறைத்தால் வெளியே என்பது அன்றிலிருந்து பட்டறையின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவளே இப்போது அதற்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் மூடிய பெட்டியையே தலையில் கட்டினேன். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஊஃபர் பெட்டி இரண்டு வகை. ஒன்று காற்றுப் புகாமல் சுற்றிலும் அடைத்தது. உள்ளே அடைபட்ட காற்று, ஊஃபரின் முகத்தில் அதிர்கிற காகிதக் கூம்பை, அந்தக் கோனை, தலையணைபோல் பின்னாலிருந்து தாங்கும். சத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் கச்சிதமாக வரும். இன்னொன்று துளை போட்டது. உள்ளிருக்கும் காற்று ஒரு குழாய் வழியாக வெளியே வந்து அதுவும் சேர்ந்து அதிரும். அதே ஊஃபர், அதே ஆம்ப், சத்தம் மட்டும் ஒரு மடங்கு கூடின மாதிரி இருக்கும். ஆனால் குழாயின் அளவோ வாய் விளிம்போ பிசகினால், காற்று வேகமாகப் போகும்போது புஸ்ஸென்று ஒரு இரைச்சல் வரும். பாட்டுக்கு நடுவே யாரோ மூச்சு வாங்குவதுபோல் இருக்கும்.

மூடிய பெட்டியைச் சோதிக்கக் காது வேண்டாம். கோனை இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாக அழுத்தி விட்டால், அது ஆற அமரத் திரும்பி வரவேண்டும். வெடுக்கென்று வந்தால் எங்கோ ஓட்டை. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். கையும் கண்ணும் போதும். துளைப் பெட்டியின் இரைச்சலை மட்டும் காதால்தான் பிடிக்க முடியும். ஆகவே மூடிய பெட்டிதான் தரம், துளைப் பெட்டி வெறும் ஆர்ப்பாட்டம் என்று எட்டு மாதமாகப் பிரசங்கம் செய்தேன். வாடிக்கையாளர்கள் எனக்கு 'சீல் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்படியும் பல் டாக்டர், நீச்சல் கோச் என்று நாலு பேர் கேட்காமல் ஒற்றைக்காலில் நின்று துளைப் பெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நாலுக்கும் கொழுந்தனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் "போகலாம்" சொன்னேன்.

ஆனால் அவன் முகம் கொஞ்ச நாளாகப் படிக்க முடியாததாக மாறிவிட்டது. முன்பெல்லாம் வேலை செய்யும்போது வாய் ஓயாது. இப்போது ஏதோ யோசனையில் புருவத்தைச் சுருக்கிக்கொண்டே இருந்தான். இரண்டு தடவை, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, "இதுல காத்துச் சத்தம் வருதா அண்ணி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். என் குட்டை உடைக்கப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. இரண்டு தடவையும் பாய்ந்துவிட்டேன். உன் காதில் பூச்சி புகுந்திருக்கிறது, போய் டாக்டரைப் பார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். சின்னக் கார், சின்ன டிக்கி. எனக்கு வாய்ப்பாகப் போயிற்று. இவ்வளவு இடத்துக்கு மூடிய பெட்டிதான் அடங்கும் என்று ஆரம்பித்தேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துளைப் பெட்டிதான் வேண்டும் என்றாள். நாள் முழுக்கச் சின்னச் சின்ன சத்தத்தோடு மாரடிக்கிறாளாம், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முதுகு அதிர வேண்டுமாம். அது என்ன வேலை என்று கொழுந்தன் கேட்டான்.

"காது ஆஸ்பத்திரில. யாருக்கு எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்ணுவேன்."

நான் சட்டென்று அளவு நோட்டை எடுத்துக் குனிந்துகொண்டேன். அவள் திரும்பி அலமாரியில் இருந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன், மூன்று நாளில் தந்துவிடலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முதுகைக் காட்டியபடி என்னிடம் எதையோ கேட்டிருக்கிறாள், நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கொழுந்தன் பக்கத்தில் இருந்தான். காரணம் கேட்டால் என்ன சொல்வது?

அந்த மூன்று நாளும் நான் செய்த வேலையைப்போல் என் ஆயுளில் செய்ததில்லை. கணக்கை மூன்று தடவை போட்டேன். ஊஃபரின் முதுகு உள்ளே எவ்வளவு இடத்தைத் தின்னும், குழாய் எவ்வளவு தின்னும் என்று கழித்து, பிளைவுட்டின் கனத்தையும் கழித்து அறுத்தேன். குழாயின் வெளிவாயை மட்டும் உருட்டினால் போதும் என்று விடுகிறவர்கள் உண்டு. நான் உள்வாயையும் உருட்டினேன். உப்புத்தாள் போட்டுப் போட்டு விரல் நுனி வழுவழுப்பாகிவிட்டது. குழாய் வாயில் டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து ஒட்டி, சத்தத்தின் சுருதியை ஏற்றி இறக்கும்போது அது எந்தச் சுருதியில் அதிகமாகப் பறக்கிறது, அப்போது குழாயே வேலையை எடுத்துக்கொண்டு கோன் அசையாமல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பெட்டியைச் செய்தவளுக்கே அது தெரியாது. ராத்திரி படுத்தால் இதே நினைப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். பெட்டியை ஏற்றி, டிக்கியைத் திறந்து வைத்து, கொழுந்தன் முன் சீட்டில் போனோடு உட்கார்ந்தான். நானும் அவளும் பின்னால் நின்றோம். சோதனைச் சத்தத்தை அடியிலிருந்து மெல்ல மேலே ஏற்றினான். நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. நம்பர் பிளேட் கூட ஆடவில்லை. நான் கொழுந்தனின் முகத்தைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள். "இடது பக்கம் விசில் மாதிரி ஒண்ணு வருதில்லக்கா?"

கொழுந்தன் சத்தத்தை மேலே ஏற்றாமல் அதே அளவில் ஓடவிட்டபடி திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். காது டெஸ்ட் செய்கிறவள் கேட்கிறாள். அவளுக்குக் கேட்டால் இருக்கத்தான் செய்யும். இல்லை என்று சொன்னால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வேன்.

"ஆமா, லேசா வருது. சரி பண்ணிடலாம்" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மெதுவாகக் கண்ணை மட்டும் தாழ்த்தினாள். கொழுந்தன் சத்தத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றான். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். நாங்கள் இரண்டு பேர் கேட்டது உனக்கு மட்டும் கேட்கவில்லையா, உன் காதில் என்ன அடைத்திருக்கிறது என்று அவள் முன்னாலேயே கத்தினேன்.

அவன் உள்ளே போய் வேலைமேஜை முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே போனேன். அவளும் வந்து நிலைப்படி ஓரம் நின்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டு.

"அண்ணி, நான் ஒண்ணு மறைச்சிட்டேன்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் பேசியதால் பாதி விழவில்லை. கிட்டே போய்க் குனிந்து அவன் வாயைப் பார்த்தேன்.

அவன் சொன்னது இதுதான். ஏழெட்டு மாதமாக அவனுக்கு இல்லாத சத்தம் கேட்கிறது. துளைப் பெட்டி ஓடும்போதெல்லாம் புஸ்ஸென்று ஒரு இரைச்சல். முதலில் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்தான். என்னிடம் கேட்டான். நான் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆக கோளாறு தன் காதில் என்று முடிவு கட்டினான். பிறகு வீட்டில் படுத்தால்கூட அது கேட்பதுபோல் இருந்ததாம். டாக்டரிடம் போனான். ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது, தலைக்குள் எதுவும் இருக்கக்கூடாது பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் பயந்துபோய் ஸ்கேனும் எடுக்கவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. இரண்டு வயதுப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு ஏதாவது ஆனால் இது என்ன செய்யும் என்று யோசித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான்.

"இல்லாததுதான் கேக்குதுன்னு நெனச்சேன். இன்னைக்கு இருக்கறதும் கேக்கல" என்றான். "வயர்க்கார அண்ணனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நான் போயிடறேன் அண்ணி."

இடுப்பிலிருந்து பட்டறைச் சாவியைக் கழற்றி அந்தச் சீட்டின்மேல் வைத்தான்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிடம் வேண்டாம். நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவன் போய்விடுவான். என் சொல் என்னோடு இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் கேவலமான நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு முழு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறவரை அது என்னோடு இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் நின்றவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவள் கேட்ட விசில் என்னைச் சோதிக்கப் போட்ட தூண்டில் என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் நினைத்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல், போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"டேய், உன் காது நல்லா இருக்கு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"என் காதுதான் போச்சு. எட்டு மாசம் ஆச்சு. விசிலும் கேக்காது, ஒண்ணும் கேக்காது. அந்தப் பொண்ணு சும்மா கேட்டா, நான் ஆமான்னு தலையாட்டினேன். விசிலே இல்ல."

அவன் மெல்ல நிமிர்ந்தான். நான் என்ன சொன்னேன் என்பது அவனுக்குள் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பல் டாக்டர் வண்டி?" என்றான்.

புரியவில்லை எனக்கு. மறுபடி சொன்னான். "பல் டாக்டர் வெள்ளை வண்டி. அதுல சத்தம் இருந்துச்சா, இல்லையா?"

"எனக்குத் தெரியாது. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப இருந்திருக்கு."

"நீச்சல் கோச் வண்டி?"

"கேட்டுச்சுன்னா இருந்திருக்கு."

பூக்கடைக்காரர் வண்டியைக் கேட்டான். போட்டோ ஸ்டுடியோக்காரரின் வண்டியைக் கேட்டான். நாலு வண்டிக்கும் நான் அதே பதிலைச் சொன்னேன். நாலாவதைச் சொல்லும்போது அவன் உடைந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது ஆள், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

"எட்டு மாசம் அண்ணி" என்றான். "நான் செத்துருவேன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. மேஜையிலிருந்த சாவியை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன். என் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். சட்டம் சட்டம்தான், நான்தான் போகவேண்டியவள் என்றேன். அவன் இரண்டு சாவியையும் பார்த்தான், எதையும் தொடவில்லை.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் அவள் வண்டியைக் காட்டி, அதில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கொழுந்தனிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடத்தில் அவனிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஓடவிட்டுக் குழாய் வாயில் காதை வைத்துக் கேட்டான். நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு சுத்தமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது என் எதிரில் வந்து நின்று, வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், கூட்டம் இருக்காது என்றாள்.

அவள் போனதும் கொழுந்தன் வாடிக்கையாளர் நோட்டை எடுத்து என் முன்னால் போட்டான். "நாலு பேரையும் கூப்பிடுங்க. நீங்களே சொல்லுங்க" என்றான். போனை எடுத்தேன். பல் டாக்டரின் நம்பரைப் போட்டு, போனில் சத்தம் வரும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, மணியின் அதிர்வு நின்றதில் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் கடகடவென்று சொன்னேன். உங்கள் பெட்டியில் இரைச்சல் இருக்கிறது, அதைக் கேட்காமல் அனுப்பியது என் தப்பு, வண்டியைக் கொண்டு வாருங்கள், பிரித்துப் புதிதாகச் செய்து தருகிறேன்.

அந்தப் பக்கம் அவர் பேச ஆரம்பித்தார். விளிம்பில்லாத வெறும் முனகல். திட்டுகிறாரா, சிரிக்கிறாரா, எதுவும் தெரியவில்லை. எட்டு மாதமாக இந்த மாதிரி நேரத்தில் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். வாய் அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

போனைக் கொழுந்தனிடம் நீட்டினேன். "என்ன சொல்றார்னு எனக்குக் கேக்கலடா. நீ கேட்டுச் சொல்லு."

அவன் உடனே வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு வாங்கிக் காதில் வைத்து, கோபம் தணியாத முகத்தோடுதான் கேட்டான். கேட்டு முடித்ததும் எனக்கு நேராகத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"நாளைக்கு, காலைல, பத்து மணிக்கு, வராராம்."